சந்திரசேகர் எல்லை: கப்பலில் போட்ட கணக்கை ஏன் நம்ப மறுத்தார்கள்?

கிள்ளானில் பழைய தமிழ்க் குடும்பங்களின் கதையைக் கேட்டால், அது பெரும்பாலும் ஒரு கப்பலில்தான் தொடங்கும். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிய கதை. போர்ட் சுவெட்டன்ஹாம் வேறெங்கும் இல்லை, இன்றைய போர்ட் கிள்ளான்தான். 1930இல் அந்தக் கதை திசை மாறியது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் வேலை இல்லாமல் போன ஆயிரக்கணக்கானோர் வந்த வழியே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அதே 1930, ஜூலை 31. பம்பாய்த் துறைமுகத்தில், மேற்கே போகும் பில்ஸ்னா என்ற கப்பலில் 19 வயது இளைஞர் ஒருவர் ஏறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் அப்போதுதான் இயற்பியல் பட்டம் முடித்திருந்தார். கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்கு இந்திய அரசின் உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. முதல் சில நாள்கள் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தது; அவருக்குக் கடல் நோய். ஏடனைத் தாண்டி கடல் அமைதியானதும், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்.

லண்டன் போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்ட் 19. கையில் ஒரு விடை இருந்தது. இறந்துபோகும் நட்சத்திரம் ஒன்று எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை என்பதுதான் அந்த விடை.

அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். உலகம் அவரைச் சுருக்கமாகச் சந்திரா என்றே அழைக்கிறது. அந்த எல்லையை இன்று எந்த வானியல் பாடநூலிலும் சந்திரசேகர் எல்லை என்ற பெயரில் பார்க்கலாம். ஆனால், அன்று உலகின் தலைசிறந்த வானியல் அறிஞராகக் கருதப்பட்டவர் அதை எல்லார் முன்னாலும் கேலி செய்தார். அந்தச் சண்டை உண்மையில் எதைப் பற்றியது? அதைப் புரிந்துகொள்ள ஒரு கழித்தல் குறி வரைக்கும் நாம் போக வேண்டும்.

திருவல்லிக்கேணிப் பையன்

சந்திரா பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பா சி. சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் தணிக்கை அதிகாரி. கர்நாடக இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். அப்பாவின் தம்பிதான் சர் சி.வி. ராமன். பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் சந்திரா மூத்த மகன். அவருக்கு மேலே இரண்டு அக்காமார்.

அம்மா சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனாலும் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஒரு பெண் தன் வீட்டைவிட்டு வெளியேறுவதில் முடியும் அந்தப் புகழ்பெற்ற நாடகம்தான். மகன் சீமைக்குக் கிளம்பும்போது அவர் கடுமையாக நோயுற்றிருந்தார். போக வேண்டாம் என்று சுற்றம் சொன்னது. போயே ஆக வேண்டும் என்று சொன்னவர் அம்மாதான். 1931 மே மாதம் அவர் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

பன்னிரண்டு வயது வரை வீட்டில்தான் படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் மாநிலக் கல்லூரி. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய அணு இயற்பியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரா, அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே நேராகப் போய்விட்டார். வயது 18. பாராட்டு கிடைக்கும் என்று போனவருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. நீ படித்தது எல்லாம் பழசாகிவிட்டது, ஐரோப்பாவில் இயற்பியல் முழுவதுமாக மாறிவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். வெறும் கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தாம் எழுதி, இன்னும் அச்சாகாத கட்டுரையின் மெய்ப்புப் பிரதியைக் கொடுத்தார்.

அந்த ஒரு சந்திப்பை வைத்துக்கொண்டு, சில மாதங்களில் சந்திரா சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. அவருக்கு அப்போது பட்டம்கூடக் கிடைத்திருக்கவில்லை.

சரி, அந்தக் கழித்தல் குறி என்ன?

கூடுதல் கணிதத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸானவன் நான். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

குவாண்டம் இயற்பியல் இரண்டு தூண்கள்மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தூண், நேரியல் தன்மை. கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இரண்டு ஒலி அலைகளும் காற்றில் ஒன்றோடொன்று கூடுகின்றன, ஆனால் ஒன்று இன்னொன்றைக் கெடுப்பதில்லை. வயலின் மட்டும் ஒரு விடை, மிருதங்கம் மட்டும் ஒரு விடை என்றால், இரண்டின் கூட்டலும் சரியான விடைதான். குவாண்டம் உலகிலும் இப்படித்தான். ஒரு துகளை விவரிக்கும் அலைச்சார்புகள் இரண்டு இருந்தால், அவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம். கிடைப்பதும் செல்லுபடியாகும் அலைச்சார்பே.

இரண்டாவது தூண், சமச்சீர்மை. தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் பெரிய கோலம் ஒன்றாவது கண்ணில் படும். அதைக் கால் வட்டம் திருப்பிவைத்தாலும் அதே கோலம்தான். ஏதோ ஒன்றை மாற்றிய பிறகும் மாறாமல் இருப்பதுதான் சமச்சீர்மை.

இப்போது எலக்ட்ரான்களுக்கு வருவோம். இரட்டையர்கூட ஒரு மச்சத்தில் வேறுபடலாம். ஆனால் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையே எந்த வித்தியாசமும் கிடையாது. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால், நாம் அளக்கக்கூடிய எதுவும் மாறக் கூடாது. ஆனால் நாம் அளப்பது அலைச்சார்பை அல்ல, அதன் வர்க்கத்தை. ஆகவே அலைச்சார்பு அப்படியே இருக்கலாம், அல்லது அதன் முன்னே ஒரு கழித்தல் குறி விழலாம். வர்க்கம் எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு முறை இடம் மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிட வேண்டும். அதனால் கூட்டல், கழித்தல் என இரண்டே வாய்ப்புகள். இயற்கை இரண்டையும் பயன்படுத்துகிறது. ஒளித்துகள் கூட்டல் கட்சி. அந்தக் கூட்டத்துக்கு வங்காள இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸின் நினைவாகப் போசான் என்று பெயர். எலக்ட்ரான் கழித்தல் கட்சி.

இரண்டு தூண்களையும் சேர்த்துப் பாருங்கள். முதல் எலக்ட்ரான் அ என்ற நிலையிலும் இரண்டாவது ஆ என்ற நிலையிலும் இருப்பது ஒரு வாய்ப்பு. இடம் மாறி இருப்பது இன்னொரு வாய்ப்பு. நேரியல் தன்மை இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கலாம். எலக்ட்ரான் என்பதால் கழித்தே ஆக வேண்டும். இனி இரண்டையும் ஒரே நிலையில், அதாவது அ, அ என்று வைக்கப் பாருங்கள். இரண்டு வாய்ப்புகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்றிலிருந்து அதையே கழித்தால் சுழியம். அலைச்சார்பே இல்லை. அப்படி ஒரு சம்பவம் நடக்காது.

இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று 1925இல் பௌலி சொன்ன தவிர்க்கை விதி இதுதான். மறு ஆண்டு அதை இந்தக் கழித்தல் குறியோடு இணைத்தவர்களில் ஒருவர் டிராக். பின்னால் கேம்பிரிட்ஜில் சந்திராவுக்குக் கொஞ்ச காலம் வழிகாட்டியாகவும் இருந்தார்.

நட்சத்திரத்தின் மாடிகள்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முன்னிரவில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் விளக்கு வெளிச்சத்தையும் மீறி, ஏறக்குறைய தலைக்கு மேலே ஒரு வெள்ளை நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. பெயர் சிரியஸ். அதைச் சுற்றிவரும் துணை ஒன்று உண்டு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. எடை சூரியன் அளவு, உருவம் ஏறக்குறைய பூமி அளவு. அதிலிருந்து ஒரு தேக்கரண்டி அள்ளினால் பல டன் இருக்கும். இந்த மாதிரி நட்சத்திரத்துக்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரத்தின் மிச்சம் அது.

எரிபொருள் தீர்ந்தால் ஈர்ப்பு அதை நசுக்கிவிட வேண்டுமே, ஏன் நசுக்கவில்லை? 1926இல் விடை சொன்னவர் ரால்ஃப் ஃபௌலர். லிஃப்ட் இல்லாத பழைய பிளாட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் கீழ்த்தளம்தான் வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர்தான் இருக்கலாம் என்பது சட்டம். கீழ்த்தளம் நிரம்பியதும், பின்னால் வருபவர்கள் மேலே மேலே ஏறித்தான் ஆக வேண்டும். எலக்ட்ரான்களுக்கு மேல்மாடி என்றால் அதிக வேகம். நட்சத்திரத்தை எவ்வளவு நெருக்குகிறீர்களோ, எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாகப் பாய்ந்து எதிர்த்துத் தள்ளும். வெப்பம் இருக்கணும் என்றுகூட இல்லை. முழுவதும் ஆறிப்போனாலும் அந்தத் தள்ளல் இருக்கும். ஆக, ஒரு நட்சத்திரத்தைத் தாங்கி நிற்பது அந்தக் கழித்தல் குறி.

இதோடு கதை நிம்மதியாக முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எந்த நட்சத்திரமும் கடைசியில் வெள்ளைக் குள்ளனாகி அமைதியாகிவிடும்.

கப்பலில் சந்திரா கேட்டது ஒரு சின்னக் கேள்வி. நட்சத்திரத்தின் நடுவில் இந்த எலக்ட்ரான்கள் என்ன வேகத்தில் போகின்றன? கணக்குப் போட்டால், ஒளியின் வேகத்தை நெருங்கியது. அப்படியானால் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்தாக வேண்டும், ஃபௌலர் சேர்க்கவில்லை. சேர்த்தால் என்ன ஆகும்? ஒளியை மிஞ்சி எதுவும் ஓட முடியாது. எனவே நெருக்க நெருக்க, எலக்ட்ரான்களின் எதிர்ப்பு முன்பு போல ஏறாது. அடர்த்தியின் 5/3 மடி என்று ஏறிக்கொண்டிருந்த அழுத்தம், 4/3 மடி என்று மெதுவாகிவிடுகிறது.

இந்த 4/3தான் வில்லன். நட்சத்திரம் சுருங்கும்போது ஈர்ப்பைத் தாங்கத் தேவைப்படும் அழுத்தமும் சரியாக அதே 4/3 மடியில்தான் ஏறுகிறது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஓடினால், முன்னால் இருப்பவர் கடைசி வரை முன்னால்தான் இருப்பார். யார் முன்னால் என்பதை முடிவு செய்வது நட்சத்திரத்தின் நிறை மட்டுமே. ஓர் அளவுக்கு மேல் ஈர்ப்பு முன்னால் போய்விட்டால், பிறகு எவ்வளவு சுருங்கினாலும் எலக்ட்ரான்களால் அதைப் பிடிக்க முடியாது.

1931இல் ஒரு சிறு கட்டுரையில் அவர் வெளியிட்ட எல்லை, சூரியனைப் போல் 0.91 மடங்கு. நட்சத்திரம் எதனால் ஆனது என்ற கணிப்பு திருத்தப்பட்டபின் அது இன்று நாம் படிக்கும் 1.44 மடங்கு ஆனது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எஸ்தோனியாவில் ஆண்டர்சன், இங்கிலாந்தில் ஸ்டோனர் என இருவர் கொஞ்சம் முன்னதாகவே இதே மாதிரி ஓர் எல்லையைத் தொட்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் உள்ளமைப்பை முழுதாகக் கணக்கிட்டு, அதன் விளைவை விடாமல் வலியுறுத்தியவர் சந்திரா.

1935 ஜனவரி 11

ஆர்தர் எடிங்டன் சாதாரண ஆள் இல்லை. 1919 சூரிய கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டீனை உலகறியச் செய்த குழுவின் தலைவர். நட்சத்திரங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓர் அறிவியல் துறையாக்கியவர். சந்திராவின் கணக்கில் அவருக்கு ஆர்வம் இருந்தது. அடிக்கடி அறைக்கு வந்து, எதுவரை முடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். கையால் சுழற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று கிடைக்கவும் உதவினார்.

லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரா தம் முடிவுகளைப் படிக்க வேண்டிய நாள் வந்தது. தமக்கு அடுத்து எடிங்டன் பேசுகிறார், அதே பொருளில் பேசுகிறார் என்பது முந்தைய நாள்தான் தெரியவந்தது. என்ன பேசப்போகிறார் என்று எடிங்டன் மூச்சுவிடவில்லை.

சந்திரா படித்து முடித்தார். எடிங்டன் எழுந்தார். இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால், கனமான நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒளிகூட வெளியேற முடியாத நிலைக்குப் போகும் என்று அவரே விளக்கினார். இன்று நாம் கருந்துளை என்று சொல்வதைத்தான் அவர் அன்று கச்சிதமாக விவரித்தார். பிறகு, இயற்கை இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாது, எனவே கணக்கின் அடிப்படையே தவறு என்று தள்ளிவிட்டார். அவையில் சிரிப்பு. சந்திராவுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. அவருக்கு வயது 24.

வெள்ளைக்காரர் ஓர் இந்தியரை அவமதித்த கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது கலக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எடிங்டனின் ஆட்சேபம் இயற்பியலின் அஸ்திவாரத்தைப் பற்றியது. பௌலியின் விதியை அவர் ஏற்றார். சார்பியலை அவரைவிட ஏற்றவர் யார்? இரண்டையும் இப்படி இணைக்க முடியாது என்பதுதான் அவர் வாதம். பழைய 5/3 எந்த அடர்த்தியிலும் நிற்கும், எல்லை என்று ஒன்றே கிடையாது என்றார்.

சந்திரா குவாண்டம் ஆள்களிடம் போனார். கோபன்ஹேகனில் போரோடு பணியாற்றிய ரோசன்ஃபெல்டுக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து பௌலி வரை விஷயம் போனது. எல்லாருடைய பதிலும் ஒன்றுதான்: எடிங்டன் சொல்வதில் பொருளே இல்லை, நீ சொல்வதுதான் சரி. ஆனால் யாரும் அதை வெளியில் சொல்லவில்லை. அவர்களுக்கு அது வானியல்காரர்களின் வீட்டுச் சண்டை. தங்களுக்குச் சுவாரசியமே இல்லாத அளவுக்குத் தெளிவான விஷயம். அதே ஆண்டு பாரிசில் நடந்த அனைத்துலக வானியல் மாநாட்டில் எடிங்டன் மறுபடியும் தாக்கினார். பதில் சொல்ல அனுமதி கேட்டு சந்திரா தலைவருக்குச் சீட்டு அனுப்பினார், கிடைக்கவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது அந்தச் சிரிப்பு அல்ல, இந்த மௌனம்தான். பெரிய பெயர்கள் எல்லாம் தனிக் கடிதத்தில் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, மேடையில் அந்தப் பையனைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

1942இல்தான் டிராக், பெயர்ல்ஸ், பிரைஸ் மூவரும் சேர்ந்து அச்சில் பதில் எழுதினார்கள். சீராக நகரும் எந்தப் பார்வையாளருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே. இதுவும் ஒரு சமச்சீர்மை, சார்பியலின் உயிர்நாடி. எடிங்டன் இந்தச் சமச்சீர்மையைக் குவாண்டம் கணக்கில் கையாண்ட விதம்தான் பிழை, சந்திரா பயன்படுத்திய வழக்கமான முறையில் கோளாறு இல்லை என்று காட்டினார்கள். ஏழு வருஷம் தாமதம்.

அங்கிருந்து கிளம்பினார்

அதற்குள் சந்திரா இங்கிலாந்தைவிட்டே போயிருந்தார். 1936 செப்டம்பரில் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மைப் போலவே இயற்பியல் படித்த லலிதா துரைசாமியை மணந்தார். 1937 ஜனவரியில் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1939இல் நட்சத்திர அமைப்பு பற்றித் தெரிந்தது அனைத்தையும் ஒரு நூலாக எழுதி, எல்லைக் கணக்கையும் அதில் வைத்து, அந்தத் துறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவமானத்தில் முடங்கவில்லை, பிடிவாதமாக வாதாடிக்கொண்டும் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு துறை, அதில் ஒரு பெரிய நூல், பிறகு அடுத்தது. வாழ்நாள் முழுக்க இதையே செய்தார். 1952 முதல் 1971 வரை வானியற்பியலின் முக்கிய ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். 1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அப்பாவுக்கு வருத்தம்.

1940களில் சிகாகோவில் படித்த சீன மாணவர்கள் லீயும் யாங்கும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அந்த வகுப்புக்காக ஆய்வகத்திலிருந்து நூறு மைலுக்கு மேல் கார் ஓட்டி வருவார் என்று ஒரு கதை உண்டு. வகுப்பில் அவர்கள் இரண்டே பேர்தான் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 1957இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எதற்கு? இயற்கையின் ஒரு விசைக்குக் கண்ணாடிச் சமச்சீர்மை இல்லாமல் இருக்கலாம் என்று கேள்வி எழுப்பியதற்கு. ஆசிரியருக்கு அந்தப் பரிசு வர இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. 1983 அக்டோபர் 19ஆம் தேதி, அவருடைய 73ஆவது பிறந்தநாளில் அறிவிப்பு வந்தது. உடன் பெற்றவர் வில்லியம் ஃபௌலர். பழைய ரால்ஃப் ஃபௌலருக்கும் அவருக்கும் உறவில்லை.

எடிங்டன் இவற்றையெல்லாம் பார்க்கவில்லை. 1944இல் இறந்துவிட்டார், கடைசி வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே. சிகாகோவில் அவருக்கு அஞ்சலி உரை ஆற்றியவர் சந்திரா. தம் காலத்து வானியல் அறிஞர்களில் முன்வரிசையில் அவரை வைத்துப் பேசினார். 1982இல் எடிங்டனின் நூற்றாண்டுக்குக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றப் போனவரும் அவர்தான்.

1995 ஆகஸ்ட் 21ஆம் தேதி சிகாகோவில் சந்திரா காலமானார். நியூட்டனின் பெரும் நூலைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் அவருடைய கடைசிப் புத்தகம் அந்த ஆண்டுதான் வந்திருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலையில், நாசா ஓர் எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்ணில் ஏவி அதற்குச் சந்திரா என்று பெயர் வைத்தது. அது எடுத்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று சிரியஸ். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பெரிய நட்சத்திரம் அந்தப் படத்தில் மங்கலாக இருக்கிறது. பக்கத்தில் பிரகாசமாக எரிவது, நாம் பார்க்க முடியாத அந்த வெள்ளைக் குள்ளன்.